கடல் கார்பன் சுழற்சி ஆய்வைத் தொழிலாக ஏற்பது குறித்து: பினாங்கிலிருந்து ஒரு கேள்வி

தெலுக் பஹாங் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் வேதியியல் இளங்கலை இறுதியாண்டில் படிக்கிறேன். கடல்நீரில் கார்பன் எந்தெந்த வடிவங்களில் தங்குகிறது, வளிமண்டலத்தோடு எவ்வாறு பரிமாறிக்கொள்ளப்படுகிறது என்பதைப் பகுப்பாய்வு வேதியியல் வகுப்பில் படித்தது முதல் வேறு துறை எதிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தால் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் வரும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தம்பிகள் இன்னும் படித்துக்கொண்டிருப்பதால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடல் உயிரியல் படிக்காத ஒருவர் இத்துறைக்குள் நுழைய முடியுமா? முனைவர் பட்டம் இல்லாமல் இதில் இடம் உண்டா? வெளிநாடு போயே தீர வேண்டுமா, அல்லது நம் மலாக்கா நீரிணையை வைத்தே உருப்படியான ஆய்வு செய்ய முடியுமா? இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நீரளவை, கோலாலம்பூர்

தங்கச்சி, முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வேதியியல் படித்தவர்களுக்கு இத்துறை வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. நான் ஜெர்மனியில் கடல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று இப்போது கோலாலம்பூரில் பணியாற்றுகிறேன். என்னுடன் ஆய்வகத்தில் இருந்தவர்களில் உயிரியல் படித்தவர்களைக் காட்டிலும் வேதியியலும் இயற்பியலும் படித்தவர்களே மிகுதி.

அதற்குக் காரணம் உண்டு. கடலில் கரைந்திருக்கும் கனிமக் கார்பன் (கரைந்த கரியமில வாயு, பைகார்பனேட், கார்பனேட் வடிவங்களில் உள்ளது) ஏறத்தாழ 38,000 பில்லியன் டன். வளிமண்டலத்தில் இருப்பதைப் போல் நாற்பது மடங்குக்கும் மேல். மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய செயல் நடந்தும் அது அளவீட்டில் மிகச் சிறிதாகவே தெரிகிறது. மேற்பரப்பு நீரில் கிலோகிராமுக்கு 2,000 மைக்ரோமோல் அளவில் கனிமக் கார்பன் இருக்க, அது ஆண்டுக்கு ஏறுவது ஏறக்குறைய 1 மைக்ரோமோல்தான். பி.எச். மதிப்பு ஆண்டுக்கு 0.002 அளவில் குறைகிறது. ஆகவேதான் உலகக் கடல் அமிலமாதல் கண்காணிப்பு வலையமைப்பு, நீண்டகாலப் போக்கைக் கண்டறிய விரும்பும் ஆய்வகங்களுக்குக் காரத்தன்மையிலும் (நீர் அமிலத்தை ஈடுசெய்யும் திறன்) கனிமக் கார்பனிலும் கிலோகிராமுக்கு 2 மைக்ரோமோல், பி.எச். மதிப்பில் 0.003 என்ற நிச்சயமின்மையை எல்லையாக வகுத்திருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டும் என்பது இதன் பொருள். குறுகியகால ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு 10 மைக்ரோமோலும் 0.02-உம் போதும்.

இந்தத் துல்லியம் ஆய்வகக் கருவியில் தொடங்குவதில்லை, படகிலேயே தொடங்கிவிடுகிறது. நீர் சேகரிக்கும் உருளையிலிருந்து வரும் ரப்பர்க் குழாயைக் கண்ணாடிப் புட்டியின் அடிவரை விட்டு, ஒரு காற்றுக்குமிழிகூடச் சுழலாதபடி மெல்ல நிரப்பி, இன்னொரு புட்டியளவு நீர் மேலே வழிந்தோடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கழுத்தில் ஒரு விழுக்காடு இடம் விட்டு, நுண்ணுயிர்கள் சுவாசித்துக் கார்பன் அளவை மாற்றிவிடாதிருக்க மெர்க்குரிக் குளோரைடு கரைசலைச் சிறிதளவு செலுத்தி, மசகு தடவிய கண்ணாடி மூடியைத் திருகிப் பொருத்தி, ரப்பர்ப் பட்டையால் இறுக்க வேண்டும். படகு ஆடினாலும், மழை பெய்தாலும், அந்த நாளின் கடைசிப் புட்டிக்கும் இதே ஒழுங்குதான். இங்கே நுழைந்த பிழையை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் பிறகு நீக்க முடியாது.

கடல்மீது ஆசையுள்ளவர்கள் நிறையப் பேர் இத்துறைக்கு வருகிறார்கள். அளவீட்டின்மீது ஆசையுள்ளவர்களே நிலைக்கிறார்கள். ஒரே மாதிரியை மூன்று முறை தரம்பார்த்து (அளவறிந்த அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளந்து), மூன்றும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று மாலை முழுவதும் தேடுவதில் உங்களுக்கு நிறைவு கிடைக்குமானால் தயங்காமல் வாருங்கள்.

எண்கணக்கர்

நீரளவை ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் இத்துறையில் புட்டியைத் தொடாமலே வாழ்நாள் முழுவதும் நல்ல ஆய்வு செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன். கடல் கார்பனுக்கான கணினி மாதிரிகளோடுதான் என் பிழைப்பு.

கனிமக் கார்பன், காரத்தன்மை, பி.எச்., கரியமில வாயுவின் பகுதியழுத்தம் ஆகிய நான்கில் எவையேனும் இரண்டை அளந்தால், வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் துணைகொண்டு மற்ற இரண்டையும் கணக்கிட்டுவிடலாம். இதைச் செய்யும் நிரல் பைத்தானிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே அலோகா என்ற நிலையத்தில் 1988 முதல் எடுக்கப்பட்டுவரும் அளவீடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மாணவி அவற்றை இறக்கி, பருவகால ஏற்ற இறக்கத்தை நீக்கி, மீதமுள்ள போக்கைத் தாமாகவே கணித்துப் பார்க்கட்டும். பி.எச். படிப்படியாக இறங்குவதைத் தம் கையாலேயே வரைந்து பார்த்தவருக்கு, இத்துறை தமக்கானதா இல்லையா என்பது எவருடைய அறிவுரையும் இல்லாமலே தெரிந்துவிடும்.

புள்ளியியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வேதியியல் மாணவர்கள் பலருக்கும் கசப்பான பாடங்கள். அவற்றை இறுதியாண்டிலேயே வலுப்படுத்திக்கொள்ள வேண்டும். மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களில் நல்ல வேதியியலும் நல்ல நிரலாக்கமும் ஒருங்கே உடையவர்கள் குறைவு என்பதால், இரண்டும் கைவரப்பெற்றவரை எந்த ஆய்வுக் குழுவும் விடாது.

அலையாத்திக் கரை

மூன்றாவது கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. என்னைப் பொறுத்தவரை இதில் மிக முக்கியமானது அதுதான்.

இன்று உலகக் கடல்களில் மனிதத் துணையின்றி அளவெடுத்துக்கொண்டிருக்கும் ஆர்கோ மிதவைகள் ஏறத்தாழப் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து, வழியில் கண்டதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. உயிர்ப்புவிவேதியியல் உணரிகள் பொருத்தியவை ஆக்சிஜன், நைட்ரேட், பி.எச். ஆகியவற்றையும் அளக்கின்றன. அட்லாண்டிக்கும் பசிபிக்கும் தென்பெருங்கடலும் இவற்றால் பெரும் பயன் அடைந்துள்ளன. நம் மலாக்கா நீரிணையிலோ பெரும்பகுதி 100 மீட்டர் ஆழம்கூட இல்லை. தென்கிழக்கு முனைக்குப் போகப்போக அது இன்னும் ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. அந்த மிதவைகள் இங்கே இயங்க இடமே இல்லை. செயற்கைக்கோளை நம்பலாம் என்றால், கலங்கிய கரையோர நீரில் வண்டலையும் கரைந்த கரிமப் பொருளின் நிறத்தையும் பாசியின் பச்சையத்திலிருந்து பிரித்தறிவது அதற்குக் கடினம். எனவே உலகம் கடலைப் பார்க்கும் முதன்மைக் கருவிகள் இரண்டும் நம் வாசலில் வந்து தடுமாறுகின்றன. புட்டியோடு படகில் ஏறும் ஒருவர் இங்கே இன்றியமையாதவர்.

அதோடு, இங்கே அளக்கப்பட வேண்டிய பொருளும் உலகின் பிற கடல்களில் அரிதாகவே காணப்படுவது. சுமத்திராவின் கிழக்குக் கரையிலும் சரவாக்கிலும் மக்காத தாவரப் பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து உருவான பீட் சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவின் பீட் நிலங்களில் அடங்கியுள்ள கார்பன் 70 பில்லியன் டன்னை ஒட்டியது என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் கால்வாய் வெட்டி நீரை வடித்துச் செம்பனை நட்டபோது, அந்தக் கார்பனில் ஒரு பகுதி நீரில் கரைந்து ஆறுகள் வழியே கடலுக்கு இறங்குகிறது. அந்த ஆறுகள் தே-ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் ஓடுவதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உலக ஆறுகள் அனைத்தும் கடலில் சேர்க்கும் கரைந்த கரிமக் கார்பனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்தோனேசிய ஆறுகளிலிருந்து வருவதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நீர் சிங்கப்பூர் நீரிணையை எட்டுவதை அங்குள்ள ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்து காட்டியுள்ளனர்.

அப்படிக் கடலில் சேரும் கார்பனுக்கு என்ன ஆகிறது? கதிரொளியும் பாக்டீரியாவும் அதைச் சிதைத்துக் கரியமில வாயுவாக்கினால், கடல்நீர் அமிலத்தன்மை அடைவதோடு ஒரு பங்கு வளிமண்டலத்துக்கும் திரும்பிவிடும். சிதையாமல் ஆழ்கடலைச் சேர்ந்தால் நெடுங்காலம் தங்கும். மலாக்கா நீரிணையின் சராசரி நீரோட்டம் ஆண்டு முழுவதும் வடமேற்கே அந்தமான் கடலை நோக்கியே செல்கிறது என்பதால், இந்தக் கேள்வியின் ஒரு பகுதி பினாங்குக் கரையைக் கடந்துதான் போகிறது. அலையாத்திக் காடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேராக் மாநிலத்தின் மாத்தாங் காடு சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பில், 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. கோலா செபெத்தாங் கரிச்சூளைகளுக்கு அங்கிருந்து முப்பதாண்டுச் சுழற்சியில் மரம் வெட்டுகிறார்கள். வெட்டிய பகுதியின் சேற்றில் உள்ள கார்பனில் எவ்வளவு அங்கேயே நிற்கிறது, எவ்வளவு நீர் இறக்கத்தோடு கடலுக்குப் போகிறது என்பது நூறாண்டுகளுக்கும் மேலான பராமரிப்புப் பதிவுகள் உள்ள ஓரிடத்தில் கேட்கத்தக்க அருமையான கேள்வி அல்லவா? நம் வீட்டு வாசலில் ஓடும் நீரைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டர்வொர்த் தகப்பன்

எல்லோரும் அழகாக விளக்கியிருக்கிறீர்கள். என் மகனும் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வு) முடித்துவிட்டு இதே போன்ற எண்ணத்தில் இருப்பதால், ஒரு தகப்பனாகக் கேட்கிறேன். முனைவர் பட்டம் முடிக்க முப்பது வயதை நெருங்கிவிடும். அதன் பிறகு நிரந்தர வேலை உண்டா? நீரளவை ஐயா மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நீரளவை, கோலாலம்பூர்

ஐயா, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நம் நாட்டில் முதுகலை, முனைவர் மாணவர்களுக்கான உதவித்தொகை பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்தே வருகிறது. அடிப்படை ஆய்வு மானியத் திட்டத்தின் நிதி அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கானது. மானியம் முடிந்தபின் ஆய்வு முடியவில்லையென்றால் மாணவர் தவித்துப்போவார். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியில்தான் கழியும். விரிவுரையாளர் பணியிடங்கள் குறைவு. கடல் வேதியியலுக்கென்றே ஒதுக்கப்பட்டவை இன்னும் குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல், புவி அறிவியல் கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மூக்கா ஹெட்டில் உள்ள கடல், கரையோர ஆய்வு மையம், திரெங்கானு, சபா பல்கலைக்கழகங்களின் கடலியல் கழகங்கள், சிப்பாங்கில் உள்ள சியாமென் பல்கலைக்கழகக் கிளை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தாம் உள்ளன.

ஆனால் இந்தப் பயிற்சியைப் பெற்றவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பது, நிச்சயமின்மையைக் கணக்கிடுவது, தரக்கட்டுப்பாட்டு வரைபடம் பராமரிப்பது ஆகியவைதான் ஒரு கார்பன் ஆய்வகத்தின் அன்றாட வேலை. அங்கீகாரம் பெற்ற நீர்ப் பகுப்பாய்வுக் கூடங்களும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களும் இதே திறமையைத்தான் தேடுகின்றன. அந்த வகையில் பார்த்தால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓரிரு ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருப்பது இந்தப் பாதைக்குத் தடை அன்று. கடல்நீர் அளவீட்டுக்குக் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனம் வெளியிட்டுவந்த ஒப்பீட்டு நீரை வைத்து நாங்கள் வரையும் வரைபடமும், தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு வரையும் வரைபடமும் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. வீட்டுச் சூழல் வற்புறுத்தினால் மாணவி முதலில் அந்த வேலைக்குப் போய், குடும்பத்துக்குக் கைகொடுத்துவிட்டு, முதுகலைக்கு வரலாம். அப்படி வருபவர்கள் ஆய்வகத்தில் மற்றவர்களைவிட ஒழுங்காக வேலை செய்வார்கள் என்பது என் கணிப்பு.

முனைவர் பட்டம் இல்லாமல் இடம் உண்டா என்று கேட்டிருந்தார். உண்டு. பெரிய கடலியல் நிலையங்களில் பல பத்தாண்டு அளவீட்டுத் தொடர்களைத் தாங்கி நிற்பவர்கள் முதுகலையோடு நின்ற ஆய்வகத் தொழில்நுட்பர்கள். பேராசிரியர்கள் ஓய்வு பெற்றுச் செல்வார்கள். தொடர் அறுபடாமல் காப்பவர்கள் இவர்கள்தாம். நம் நாட்டில் அத்தகைய பணியிடங்களை மதிப்போடும் உரிய ஊதியத்தோடும் உருவாக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எண்கணக்கர்

தகப்பனாருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலைக்கொண்டு கரியமில வாயுவை அகற்றும் முயற்சிகள் இப்போது பல நாடுகளில் தனியார் முதலீட்டை ஈர்க்கின்றன. கடல்நீரின் காரத்தன்மையைக் கூட்டுவது அவற்றுள் ஒன்று. உண்மையிலேயே எவ்வளவு கார்பன் அகன்றது என்று சரிபார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் அங்கே கடல் வேதியியலாளர்களுக்கு வேலை கிடைக்கிறது. நம் நாட்டிலும் கார்பனைப் பிடித்துச் சேமிப்பதற்கான சட்டம் 2025-இல் இயற்றப்பட்டது. சரவாக் கடலில் கசவாரி எரிவாயு வயலோடு இணைந்து அத்தகைய திட்டம் ஒன்று முன்னெடுக்கப்பட்டு வருகிறது. அது கடலடிப் பாறைக்குள் சேமிப்பது, கடல்நீர் ஆய்வோடு நேரடித் தொடர்பில்லாதது. ஆனாலும் கசிவு உண்டா என்று சொல்ல வேண்டுமானால் மேலேயுள்ள நீரின் இயல்பான ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே அளந்திருக்க வேண்டும்.

இந்த வேலைகளுக்காகவே பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2009-இல் இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் போலார்ஸ்டெர்ன் கப்பலில் தென்பெருங்கடலுக்குச் சென்று, 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைத் தூவிப் பாசி வளர்க்கும் லோகாஃபெக்ஸ் சோதனையை நடத்தினார்கள். பாசி வளர்ந்தது, ஆனால் அந்த நீரில் சிலிக்கான் குறைவாக இருந்ததால் கனமான சிலிக்கா ஓடுடைய டயாட்டம் வகைப் பாசிகள் பெருகவில்லை, வளர்ந்த பாசியைச் சிறு விலங்குகள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்கு இறங்கிய கார்பன் மிகச் சொற்பம். அறிவியலுக்கு அது பெரும் பயன் தந்த சோதனை. அதையே விற்பனைச் சரக்காக நம்பி முதலீடு செய்திருந்தவர் என்ன ஆகியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே அடிப்படையைக் கற்றுக்கொள்ளட்டும். சந்தை எப்படித் திரும்பினாலும் அடிப்படை தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

தெலுக் பஹாங் மாணவி

ஐயா, அக்கா, அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மீதம் உள்ளன. முதுகலை இங்கே, முனைவர் பட்டம் வெளிநாட்டில் என்று திட்டமிடுவது சரியா? அடுத்த பருவத்தில் இறுதியாண்டுச் செயல்திட்டம் செய்ய வேண்டும். எங்கள் துறையில் கனிமக் கார்பனை அளக்கும் கருவி இல்லை. தானியங்கித் தரம்பார்ப்புக் கருவியும் நல்ல பி.எச். மின்முனையும் இருக்கின்றன. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

நீரளவை, கோலாலம்பூர்

முதல் கேள்விக்கு: அந்தத் திட்டம் சரியானதே. ஜெர்மனியில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் ஒப்பந்த ஊதியம் பெறும் பணியாளராகவே சேர்க்கப்படுகிறார் என்பதால் வீட்டுக்குச் சுமையாக இருக்காது. பிரெமனில் உள்ள வெப்பமண்டலக் கடல் ஆய்வு மையம் இந்தோனேசிய பீட் ஆறுகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அருகிலேயே சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். நான் மேலே சொன்ன அமிலமாதல் வலையமைப்பு, அனுபவமுள்ளவரையும் புதியவரையும் இணைத்துவைக்கும் வழிகாட்டித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கப்பல் பயிற்சிக்கான நல்கைகளை உலகக் கடல் கண்காணிப்புக் கூட்டமைப்பான போகோ வழங்கி வருகிறது. இரண்டையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

செயல்திட்டத்தை அலையாத்திக் கரை அக்கா சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

அலையாத்திக் கரை

உங்களிடம் உள்ளவை போதும், தங்கச்சி. காரத்தன்மையை அளங்கள்.

கெடாவின் மெர்போக் ஆற்று முகத்துவாரம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அலையாத்தி சூழ்ந்த இடம். ஆற்று நீரிலிருந்து கடல் நீர்வரை உப்புத்தன்மை படிப்படியாக மாறும் வரிசையில் மாதிரிகளை எடுத்து, காரத்தன்மையை உப்புத்தன்மைக்கு எதிராக வரையுங்கள். இரண்டு நீரும் வெறுமனே கலந்திருந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். கோட்டுக்கு மேலே எழும்பினால், இடையில் எங்கோ, பெரும்பாலும் அலையாத்திச் சேற்றில், ஆக்சிஜன் இல்லாத சூழலில் கரிமப் பொருள் சிதைந்து காரத்தன்மை சேர்கிறது என்று பொருள். கீழே இறங்கினால் ஏதோ ஒன்று அதைச் செலவழிக்கிறது.

ஒரு சிக்கலை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய நீரில் கரைந்துள்ள கரிம அமிலங்களும் தரம்பார்ப்பின்போது அமிலத்தை ஏற்றுக்கொள்ளும். அதனால் நீங்கள் பெறும் எண்ணில் கார்பனேட்டுக்கு உரியது எவ்வளவு, கரிம அமிலங்களுக்கு உரியது எவ்வளவு என்பது வெளிப்படையாகத் தெரியாது. திறந்த கடலுக்காக எழுதப்பட்ட கணக்கீட்டு நிரல்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை; அவற்றில் உங்கள் எண்களை அப்படியே போட்டால் தவறான விடை கிடைக்கும். இதைச் சரிபார்க்க, ஒரு மாதிரியை முதலில் அமிலத்தால் தரம்பார்த்து, கரியமில வாயு முழுவதையும் நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றி, பிறகு காரத்தால் மேல்நோக்கித் தரம்பாருங்கள். இரண்டாவது வளைவில் எஞ்சும் தாங்கல் திறனில் (பி.எச். மாற்றத்தை எதிர்க்கும் திறன்), கடல்நீரில் இயல்பாகவே உள்ள போரேட்டின் பங்கை உப்புத்தன்மையிலிருந்து கணக்கிட்டுக் கழியுங்கள். மிச்சம் பெரும்பாலும் கரிம அமிலங்களுடையது. கார்பனேட் இல்லாத காரக் கரைசலைப் புதிதாகத் தயாரித்துக்கொள்வதுதான் இதில் கவனம் வேண்டிய இடம்.

படகு கிடைக்கவில்லையென்றால் ஒரே இறங்குதுறையில் நின்று, நீர் ஏற்றத்தின் உச்சத்திலிருந்து அடுத்த இறக்கம்வரை மணிக்கொருமுறை மாதிரி எடுங்கள். உப்புத்தன்மையின் வரிசை தானாகவே உங்களைக் கடந்து போகும். ஓத அட்டவணையைப் பார்த்து, பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுத்தால் வேறுபாடு பெரிதாக இருக்கும். துறையில் அனுமதி கேட்கும்போது மெர்க்குரிக் குளோரைடைக் குறித்துப் பாதுகாப்பு அலுவலர் கேட்பார். காரத்தன்மையை மட்டும் அளப்பதால், நீரை உடனே வடிகட்டிக் குளிரில் வைத்து அன்றே அல்லது மறுநாளே தரம்பார்த்துவிட்டால் அந்த நஞ்சு தேவைப்படாது என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.